மதுரையில் பிறந்த சிங்கள சினிமா

"சிங்கள சினிமா எந்த ஊரில் பிறந்தது?" என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "கொழும்பு" என்றார்கள் இரண்டு பேர். "கண்டி" என்றான் ஒருவன். நாலாவது ஆள், "இது செமஸ்டர்ல வருமா?" என்று கேட்டுவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டான். விடை மதுரை! ஆமாம் நண்பர்களே, சாட்சாத் நம்ம மதுரையேதான்.

1947-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் 'கடவுணு பொறொந்துவ' என்ற படம் வெளியானது. 'முறிந்துபோன வாக்குறுதி' என்று பொருள் சொல்லலாம். சிங்களம் பேசிய முதல் படம் அதுதான். சிங்கள சினிமாவின் பிறந்தநாள் என்று அந்த ஜனவரி 21-ஐத்தான் அங்கே குறிப்பிடுகிறார்கள். படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம்பிடித்த இடம் மதுரையில் அவருக்கு இருந்த சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. நடித்தவர்கள் மட்டும் அந்த ஊர்க்காரர்கள். நீர்கொழும்பைச் சேர்ந்த மினர்வா நாடகக் குழுவினர். கதையும் அவர்கள் மேடையில் போட்டு வந்த நாடகமே. எழுதியவர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன.

ஆக, சிங்களக் கதை, சிங்கள நடிகர்கள், தமிழ் முதலாளி, வங்காளி டைரக்டர், மதுரை ஸ்டூடியோ! இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் ஜாப் ஒர்க்தான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தோல் ஒருத்தருடையது, பதனிடுகிற டேனரி இன்னொருத்தருடையது. என் அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்ஷனில் இருக்கிறார். அவர் கையில் உருவாகிற அப்பர், ஷூவாகி வெளிநாட்டுக் கடை அலமாரியில் உட்காரும்போது அதன்மேல் இருப்பது வேறு பெயர். சினிமாவிலும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது.

சரி, கொழும்பிலேயே எடுத்திருக்கக் கூடாதா? கடல் தாண்டி ஏன் வரணும்? இதற்குப் பதில் நம்ம பாடத்துக்குள் இருக்கிறது. ஊமைப்படம் எடுப்பது சுலபம். கேமராவும் வெயிலும் போதும். சொல்லப்போனால் 1925-லேயே இலங்கையில் 'ராஜகீய விக்ரமய' என்று ஒரு ஊமைப்படம் எடுத்திருக்கிறார்கள். பின்னாளில் இடதுசாரித் தலைவராகவும் நிதியமைச்சராகவும் ஆன என்.எம். பெரேரா அதில் நடித்திருக்கிறார் என்பது சுவையான செய்தி. பாவம், இலங்கை மக்கள் பார்ப்பதற்கு முன்பே அந்தப் படம் தீயில் போய்விட்டது. (தீ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு தீ வருகிறது.)

பேசும் படம் அப்படியல்ல. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். பேசும் படத்தில் நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி, இரண்டு மணி நேரப் படத்துக்கு 10,800 அடி. அந்த வேகம் கொஞ்சம் ஆடினாலும் கதாநாயகியின் குரல் கீச்சென்று போகும், அல்லது ஆம்பளைக் குரலாகிவிடும். ஆகவே கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிற மோட்டார்கள் வேண்டும். அவற்றுக்கும் ஆயிரக்கணக்கான வாட் விளக்குகளுக்கும் நிலையான மின்சாரம் வேண்டும். வெளிச்சத்தம் நுழையாத தளம் வேண்டும். அந்தக் காலத்தில் டேப் இல்லை. மைக்கில் விழுந்த ஒலியை ஒளியாக மாற்றி ஃபிலிமிலேயே கோடாகப் பதிய வைத்தார்கள். அதைக் கழுவிப் பிரிண்ட் போட லேபரட்டரி வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்டூடியோ. 1947-ல் இலங்கையில் தியேட்டர்கள் இருந்தன, ரசிகர்கள் இருந்தார்கள், நல்ல நாடகக்காரர்கள் இருந்தார்கள். இப்படி ஒரு ஸ்டூடியோ மட்டும் இல்லை.

ஒலிப்பதிவாளருக்குச் சிங்களம் தெரிய வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். மைக்குக்குப் பாஷை ஏது? அலைதான். எடிட்டருக்குத்தான் பாடு, அவருக்குக் கிளாப் பலகையும், பக்கத்தில் உட்கார்ந்து "இங்கே வெட்டுங்க" என்று சொல்ல ஒரு ஆளும் தேவை. நடிகர்கள் மேடையில் பேசிப் பேசி வசனம் மனப்பாடமாகிவிட்ட கோஷ்டி என்பதால் ரீடேக் தொல்லை குறைந்திருக்கும் என்பது என் அனுமானம்.

கடல் தாண்டுவதும் அன்றைக்கு மலைப்பான சமாச்சாரம் இல்லை. கொழும்பு கோட்டையில் ராத்திரி ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயில். போட் மெயில் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை, நீர்கொழும்பு ஆளுக்கு மதுரை அப்படியொன்றும் தூரமில்லை.

"அப்படின்னா சிங்களவனுக்கு சினிமா கத்துக்கொடுத்ததே நாமதான்!" என்று காலரைத் தூக்கிவிடப் போகிற நண்பர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். நம்ம தமிழ் சினிமா எங்கே பிறந்தது? பம்பாயில்! 1931 அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்' படத்தை எடுத்தது அர்தேஷிர் இரானி என்ற பார்சியின் இம்பீரியல் மூவிடோன். இயக்கியவர் எச்.எம். ரெட்டி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, மற்றவர்கள் தெலுங்கும் பேசினார்கள். தமிழில் ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன காலம் அது. 1934-ல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் தொடங்கிய பிறகுதான் பேசும் படம் நம் மண்ணுக்கு வந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனா நாராயணன் என்பதை நம்ம இ.சி.இ. மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். கன்னடத்தின் முதல் பேசும் படம் 1934-ல் கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்தது. பம்பாய் நமக்குச் செய்ததை 7 வருஷத்தில் சேலம் மலையாளத்துக்கும், 16 வருஷத்தில் மதுரை சிங்களத்துக்கும் செய்தது. வரிசையில் நாமும் ஒரு ஆள், அவ்வளவே.

நாயகம் ஜெயித்தது ஒரு ஓட்டப் பந்தயத்தில் என்றுகூடச் சொல்லலாம். அதே சமயத்தில் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் இன்னொரு சிங்களப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் 'அசோகமாலா'. துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய குமாரன், தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியை மணந்து அரியணையை விட்டுக்கொடுத்த கதை. சாந்தி குமார் என்ற சிங்களக் கலைஞர் நடித்து, டி.ஆர். கோபுவுடன் சேர்ந்து இயக்கிய படம். பணம் போட்டவர் சர் சிற்றம்பலம் கார்டினர். 1928-ல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கிய தமிழர்; கொழும்பில் இன்றும் அவர் பெயரில் ஒரு முக்கியமான சாலை உண்டு. இந்தப் படமும் 1947-லேயே வெளிவந்தது. ஆனால் 'முதல்' என்ற பட்டம் மதுரைக்குப் போய்விட்டது.

முதல் படத்தின் கதாநாயகி ருக்மணி தேவி. சிங்களத் திரையுலகின் முதல் நட்சத்திரம், பாடகி. நாம் பழைய தமிழ் நடிகைகளைப் பற்றிப் பேசுவது மாதிரி அங்கே அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். ராசம்மா! 1923-ல் நுவரெலியா மாவட்டம் ரம்பொடையில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். உடன் நடித்த எடி ஜயமான்னவை மணந்தார். 1978 அக்டோபரில் கார் விபத்தில் இறந்தபோது நாடே அழுதது என்கிறார்கள்.

இன்னொருவர் மொஹிதீன் பேக். நம்ம சேலத்தில் 1919-ல் பிறந்து, சிறு வயதிலேயே இலங்கைக்குப் போனவர். 'அசோகமாலா'வுக்கு இசையமைத்த முகமது கவுஸ் மாஸ்டர் இவரைப் பாட வைத்தார். பிறகு நடந்ததுதான் அதிசயம். வெசாக் பண்டிகை வந்தால் பந்தல் பந்தலாக ஒலிக்கும் புத்த பக்திப் பாடல்களில் இவர் குரல் இல்லாமல் இருக்காது. சேலத்து முஸ்லிம் பாடிய பாட்டைக் கேட்டு சிங்கள பௌத்தர்கள் கை கூப்பினார்கள்! வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று வளர்கிற ஆம்பூர் நண்பர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது. எனக்கு இருந்தது. 1991-ல் அவர் காலமானார்.

நாகர்கோவிலிலிருந்து போன ஆர். முத்துசாமி மூன்றாவது ஆள். நாயகம் கூட்டிப்போன இசைக்கலைஞர். சிங்களத் திரையிசையின் பெரிய மாஸ்டர்களில் ஒருவராகி அங்கேயே வாழ்ந்து, 1988-ல் மறைந்தார்.

இனி, மறுபக்கம். படம் இங்கே தயாரானதால் இங்கத்து மசாலாவும் கூடவே போனது. அட்டையில் வரைந்த அரண்மனை, கதைக்குச் சம்பந்தமில்லாத நடனம், தனி டிராக்கில் ஒரு காமெடி, இந்தி மெட்டில் பாட்டு, முடிவில் அம்மாவின் கண்ணீர். வசனத்தை மட்டும் மாற்றினால் அது தமிழ்ப் படமேதான். ஒரு சிங்களக் கிராமம் எப்படி இருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால் செட்டுப் போட்டவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. கொழும்பு விமர்சகர்களுக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் இருக்கிறது. இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் "எல்லாம் மெட்ராஸ் செய்த கெடுதல்" என்று அவர்களில் சிலர் எழுதுவது பாதி உண்மைதான். 1911-ல் கொழும்பு மருதானையில் டவர் ஹால் கட்டப்பட்ட காலத்திலேயே, 'நூர்த்தி' என்ற சிங்கள நாடகம் பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து, வட இந்திய மெட்டுகளோடு வளர்ந்தது. அந்த நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற வித்வானை வரவழைத்திருக்கிறார்கள். நம்ம பழைய நாடகக் கம்பெனிகளும் அதே பார்சி மேடையைப் பார்த்துக் கற்றவைதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேர் மதுரையில் சந்தித்தார்கள். யார் யாரைக் கெடுத்தது?

நாயகம் வெறும் வியாபாரியாகவும் இருந்துவிடவில்லை. கொழும்புக்கு வடக்கே கந்தானையில் ஸ்டூடியோவே கட்டினார். அங்கே தயாராகி 1952-ல் வந்த 'பண்டா நகரயட்ட பெமினீம', அதாவது 'பண்டா பட்டணத்துக்கு வந்தான்', இலங்கை ஸ்டூடியோவில் எடுத்த சிங்களப் படங்களுக்குத் தொடக்கம். அதே காலத்தில் கே. குணரத்தினம் என்ற தமிழர் சினிமாஸ் லிமிடெட் தொடங்கினார். அவர் தயாரிக்க, டி. சோமசேகரன் இயக்கி 1953-ல் வெளிவந்த 'சுஜாதா' பிரமாதமாக ஓடியது. பிறகு குணரத்தினம் ஹெந்தலையில் விஜயா ஸ்டூடியோ வைத்தார். ஜாப் ஒர்க் கொடுத்த ஊரிலேயே மிஷின் இறக்கியாகிவிட்டது!

அடுத்து வந்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் டாக்குமெண்டரி எடுத்துக்கொண்டிருந்தவர், கேமராமேன் வில்லியம் பிளேக்கையும் எடிட்டர் டைட்டஸையும் அழைத்துக்கொண்டு வேலையை விட்டு வெளியே வந்தார். 1956 டிசம்பரில் வந்த அவர்களுடைய 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவுக்குள் எடுக்கவில்லை. வயல், ஓடை, குடிசை, நிஜமான வெயில், தொழில்முறை நடிகர்கள் அல்லாத கிராமத்து முகங்கள். மறு வருஷம் கான் திரைப்பட விழாவின் போட்டிக்குப் போனது. சொந்த ஊரில் வசூல் இல்லை! மசாலாவுக்குப் பழகின நாக்கு ஒரே நாளில் மாறுமா? ஆனாலும் அவர் விடவில்லை. 1963-ல் எடுத்த 'கம்பெரலிய' 1965-ல் நம்ம டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதை வாங்கியது. இந்திய ஸ்டூடியோவை உதறிவிட்டுப் போனவருக்கு இந்தியாவே விருது கொடுத்தது எனக்குப் பிடித்த விஷயம். 2018-ல் 99 வயதில் அவர் காலமானார்.

'ரேகாவ' வந்த அதே 1956-ல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. தன் ஊரைத் தன் கேமராவில் பார்க்க ஆசைப்படுவது வேறு, பக்கத்து வீட்டுக்காரன் பாஷையை ஆபீசிலிருந்து வெளியேற்றுவது வேறு.

வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. 1947-ல் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இரண்டு சிங்களப் படங்கள். அடுத்த வருஷமே, 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தால் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிப்போனார்கள். பிறகு 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

அப்படிக் கப்பலேறியவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1974-ல் வந்தவர். இங்கே டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்துக் கை தோலெல்லாம் உரிந்து ஓய்ந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'சிலோன் தாத்தா'. இந்தக் கட்டுரைக்காக அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"தாத்தா, ருக்மணி தேவி படம் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? சம்பளம் போட்டா லயத்துல இருந்து டவுனுக்கு எறங்கிருவோம். தமிழ்ப் படம் இல்லாட்டி சிங்களப் படம். எங்கப்பாவுக்கு அந்தம்மா பாட்டுன்னா உசுரு."

"அந்தம்மா தமிழ்ப் பொண்ணு, தெரியுமா? மொத படத்தை மதுரையில எடுத்தாங்களாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "அட, படமும் இங்கயிருந்துதான் வந்துச்சா தம்பி? அதை மட்டும் வெச்சுக்கிட்டு எங்கள அனுப்பிட்டாங்களே!"

இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சிங்களத்தில் ரெண்டு வரி முணுமுணுத்துக் காட்டினார். அர்த்தம் கேட்டேன். "அர்த்தமெல்லாம் இப்ப மறந்துபோச்சு, ராகந்தான் இருக்கு" என்றார்.

இலங்கையின் சொந்தத் தமிழ்ப் படம் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். 1962-ல் 'சமுதாயம்'. சிங்களப் படத்துக்குப் 15 வருஷம் கழித்து! சென்னைப் படங்கள் வாராவாரம் வந்து இறங்கும்போது உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு யார் பணம் போடுவார்கள்? சிங்கள சினிமா வளரத் தோள் கொடுத்த தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களே ஈழத்துத் தமிழ்ப் படத்தை வளரவிடாமல் நிழல் கட்டிவிட்டன. இதையும் நம் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்த இரண்டாவது தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. தமிழன் சொத்து என்று கொளுத்தினார்கள். உள்ளே எரிந்தது சிங்களப் படங்களின் நெகட்டிவ்! நெகட்டிவ் போனால் பழையபடி நல்ல பிரிண்ட் போட வழியே இல்லை. தேய்ந்துபோன தியேட்டர் காப்பிதான் கதி. சிங்களப் படங்கள் பல இயக்கிய தமிழர் கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். குணரத்தினம் அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. 1989-ல், வேறொரு கலவர காலத்தில், அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

சிங்களப் படங்களும் எடுத்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இப்போது ஏற்காடு ரோட்டோரம் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. இந்த வருஷம் டிபார்ட்மெண்ட் டூர் ஏற்காடு என்று பேச்சு அடிபடுகிறது. பஸ் அந்த வளைவைத் தாண்டித்தான் மலையேறும். பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இடதுபக்கமோ வலதுபக்கமோ ஜன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பாருங்கள், நான் காட்டுகிறேன்.